காங்கோ: சரக்கு ஏற்றக் கட்டிய அரசும் ஓயாத போரும்

2025 ஜனவரி கடைசியில் கிழக்குக் காங்கோவின் கோமா நகரம் எம்23 என்ற ஆயுதக் குழுவின் கைக்குப் போனது. அடுத்த மாதமே புக்காவுவும் விழுந்தது. கோமாவைச் சுற்றிய முகாம்களில் கிடந்த லட்சக்கணக்கான ஜனங்கள் மறுபடியும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் அதற்கு இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும்: ஒன்று இனப்பகை, இன்னொன்று கனிமம். ஆப்பிரிக்கா என்றாலே அடித்துக்கொண்டு சாவார்கள் என்று நன்றாகப் படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். செத்தவர்கள் தலையிலேயே பழியைப் போடுகிற பேச்சு அது. காங்கோவில் இருநூறுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உண்டு. கனிமமும் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பல இனங்களும் கனிமமும் இருக்கிற நாடெல்லாம் முப்பது வருடமாகப் பற்றி எரியவில்லையே?

அந்த நாட்டில் வெளியார் கட்டிய அரசு, பொருளை வெளியே கொண்டுபோகவே கட்டப்பட்டது. அதன் பட்டாளம் சொந்த ஜனத்தை மிரட்டி வேலை வாங்கவே திரட்டப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் அதை மாற்ற எழுந்தபோது, வெளியார் மறுபடி உள்ளே நுழைந்து தடுத்தார்கள். காங்கோவின் போர்களை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அவை புரியும் என்பது என் எண்ணம்.

மன்னரின் தனிச்சொத்து

1884 நவம்பரில் பெர்லினில் ஐரோப்பிய அரசுகள் கூடின. ஜெர்மனியின் பிஸ்மார்க் கூட்டிய அந்த மாநாடு மூன்று மாதத்துக்கு மேல் நடந்தது. ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் அழைப்பில்லை. அதை ஒட்டித்தான் காங்கோ ஆற்றுப் படுகை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் உடைமை என்று மற்ற அரசுகள் ஒப்புக்கொண்டன. பெல்ஜிய நாட்டுக்கு அதில் பங்கில்லை. அது மன்னரின் தனிச்சொத்து. இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகம். பெல்ஜியத்தைப்போல் 75 மடங்குக்கு மேல். அந்த மண்ணில் லியோபோல்ட் கடைசிவரை கால் வைக்கவே இல்லை. அவருக்காக ஸ்டான்லி என்ற பயணி ஆற்றோரத் தலைவர்களிடம் போய், துணியையும் சில்லறைப் பொருள்களையும் கொடுத்து, அவர்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தங்களில் கீறல் வாங்கி வந்திருந்தார்.

1885 ஜூலையில் வந்த முதல் ஆணைகளில் ஒன்று, ஆளில்லாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றது. கேட்க நியாயமாகத் தெரியலாம். ஆனால் அந்தக் காட்டு ஜனங்கள் ஓரிடத்தில் சில வருடம் பயிர் செய்துவிட்டு, மண் தேறட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். வேட்டைக்கும் கொடி அறுக்கவும் பெரிய காடு வேண்டும். இதெல்லாம் வெளியூர்க்காரன் கண்ணுக்கு ஆளில்லாத நிலம். ஒரே ஆணையில் கிராமங்களின் வாழ்வாதாரம் அரசின் சொத்தானது. தங்கள் காட்டிலிருந்து எதை எடுத்தாலும் அது திருட்டு என்றாகிவிட்டது.

1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் ரப்பர் தேவைப்பட்டது. தோட்டம் போட்டால் மரம் பால் தர வருடங்கள் ஆகும். காங்கோ காட்டிலோ ரப்பர் கொடி தானாகவே வளர்ந்து கிடந்தது. ஆள் மட்டும் வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் இத்தனை எடை என்று கணக்குப் போட்டார்கள். ஆண்கள் காட்டுக்குள் போகும்படி அவர்களுடைய பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்துவைத்தார்கள். கணக்குக் குறைந்தால் நீர்யானைத் தோல் சாட்டை, அதற்கும் மசியாவிட்டால் துப்பாக்கி. இந்த வேலைக்கென்றே திரட்டிய படைதான் ஃபோர்ஸ் பப்ளிக். அதிகாரிகள் ஐரோப்பியர், சிப்பாய்கள் ஆப்பிரிக்கர், சொந்த ஊரிலிருந்து தூரத்தில் பணியமர்த்தப்பட்டவர்கள். 1900 வாக்கில் ஏறத்தாழ 19,000 பேர். அரசின் செலவில் பாதிக்கு மேல் இந்தப் படைக்கே போனது. செலவில் பாதியைச் சொந்த மக்கள்மீது ஏவும் படைக்குக் கொடுக்கிற அரசு எப்படிப்பட்டது என்பதை வேறு விதமாக விளக்க வேண்டியதில்லை.

கொடுத்த தோட்டாவை வீணாக்கவில்லை என்று சிப்பாய்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு தோட்டாவுக்கு ஒரு வெட்டிய கை. தோட்டாவை வேட்டைக்குச் செலவழித்துவிட்டவர்கள், உயிரோடு இருப்பவர்களின் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்தார்கள். 1904 மே மாதம் பாரிங்கா மிஷனில் ஆலிஸ் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயப் பெண் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. நசாலா என்பவர் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் தரையில் கிடப்பது ஐந்து வயது மகளின் ஒரு கையும் ஒரு காலும். ரப்பர் கம்பெனியின் காவல்காரர்கள் மகளைக் கொன்ற பிறகு மிச்சம் இருந்ததை இலையில் சுற்றி, சாட்சியாக மிஷனுக்கு எடுத்து வந்திருந்தார். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூட்டம் கூட்டமாகக் காட்டப்பட்டு லியோபோல்டின் பெயரைக் குலைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொருவர் எட்மண்ட் மோரெல். லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றில் எழுத்தர். கம்பெனி வேலையாக ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போனவர், காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருப்பதைக் கவனித்தார். திரும்பிப் போகும் கப்பல்களில் ஏறியவை பெரும்பாலும் துப்பாக்கிகள், தோட்டாக்கள், அதிகாரிகள். விலை கொடுத்து வாங்குவதென்றால் பதிலுக்குச் சரக்குப் போக வேண்டுமே. அது போகவில்லை, அப்படியானால் ரப்பர் வருவது கட்டாய உழைப்பில்தான் என்று கணக்கேட்டை வைத்தே கண்டுபிடித்தார். பிறகு பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் உள்ளே போய் விசாரித்து 1904இல் வெளிவந்த அறிக்கையும் சேர்ந்துகொண்டது. 1908இல் லியோபோல்ட் காங்கோவைப் பெல்ஜியத்திடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு தன் காங்கோ ஆவணங்களை எரித்தார். எட்டு நாள் எரிந்தன. அவர் காங்கோவுக்காகச் செய்த தியாகங்களுக்கு நன்றியாக 5 கோடி பிராங்க் வேறு ஒதுக்கப்பட்டது, அதுவும் காங்கோவிலிருந்தே வசூலிக்கும் பணம். அந்த ஆட்சியில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அன்று இல்லை. வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடுகள் சில பத்து லட்சங்களிலிருந்து 1 கோடிவரை போகின்றன.

(காட்டு ரப்பரின் காலம் முடிந்ததற்கு உலக மனசாட்சி மட்டும் காரணமில்லை. மலாயாத் தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்து விலை இறங்கியது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள். ஒரே பொருளின் கதையில் அவர்கள் பாடு இன்னொரு சோகம்.)

தண்டவாளம் போகும் திசை

1908க்குப் பிறகு கை வெட்டுவது நின்றது. மருத்துவமனைகளும் மிஷன் பள்ளிகளும் வந்தன. பெல்ஜிய ஆட்சியைத் தாங்கிப் பேசுகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள், சாலையும் ரயிலும் போட்டார்கள் என்பார்கள். போட்டார்கள்தான். எங்கே போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். லியோபோல்ட் காலத்திலேயே 1898இல் முடிந்த முதல் பாதை, மத்தாடி துறைமுகத்திலிருந்து லியோபோல்ட்வில் (இன்றைய கின்ஷாசா) வரை. கடலுக்கும் உள்நாட்டு ஆற்றுவழிக்கும் நடுவே அருவிகள் குறுக்கிட்டதால் சரக்கை இறக்க இது தேவைப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதைப் போடும்போது செத்தார்கள். தெற்கே கட்டங்காவின் செம்பை வெளியே எடுக்க, போர்த்துகீசிய அங்கோலா வழியாக லோபிட்டோ துறைமுகத்துக்கு இன்னொரு பாதை 1931இல் இணைந்தது. வரைபடத்தில் கோடுகளைப் பாருங்கள்: சுரங்கத்திலிருந்து கடலுக்கு, காட்டிலிருந்து கடலுக்கு. ஊரையும் ஊரையும் இணைக்கும் பாதை அபூர்வம். தலைநகர் கின்ஷாசாவிலிருந்து கோமாவுக்குத் தரை வழியாக ஒழுங்காகப் போய்ச் சேர இன்றும் சாலை கிடையாது. தலைநகரிலிருந்து எட்டவே முடியாத கிழக்கில் கலகம் வெடித்தால் அதை அடக்கவும் முடியாது, சமாதானம் செய்யவும் முடியாது.

கட்டங்காவின் செம்பு 1906இல் தொடங்கிய யூனியன் மினியேர் கம்பெனியிடம் இருந்தது. அதன் ஷின்கொலோப்வே சுரங்கத்தின் யுரேனியம்தான் ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கு முக்கியமான மூலப்பொருள். அதற்குப் பிறகு காங்கோ யார் கையில் இருக்கிறது என்பது அமெரிக்காவின் கவலையாகவும் ஆகிவிட்டது.

ஆட்சியில் உள்ளூர்க்காரருக்கு இடம் எவ்வளவு என்று பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஆரம்பப் பள்ளிகள் நிறைய. அதற்கு மேலே படிக்கக் கதவு ஏறத்தாழ மூடியிருந்தது. முதல் பல்கலைக்கழகமான லொவானியம் தொடங்கியதே 1954இல். 1960இல் விடுதலை கிடைக்கும்போது நாடு முழுவதும் பட்டதாரிகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்ற நிலை. நிர்வாகத்தில் ஏறத்தாழ 5,000 உயர் பதவிகள். அவற்றில் காங்கோக்காரர் 3 பேர். ஏறத்தாழ 25,000 பேர் கொண்ட ஃபோர்ஸ் பப்ளிக்கில் அதிகாரி நிலையில் ஒரு காங்கோக்காரர்கூட இல்லை.

காலனி ஆட்சி எங்கும் இருந்ததே, இந்தியா சமாளிக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1947இல் நம்மிடம் இந்திய ஆட்சிப் பணியாளர்கள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள், மாகாணத் தேர்தல்களில் நின்று ஆண்ட அனுபவம் இருந்தது, அறுபது வயதான காங்கிரஸ் இயக்கம் இருந்தது. அவ்வளவு இருந்தும் பிரிவினையில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். காங்கோவில் லுமும்பாவின் கட்சி தொடங்கியது 1958 அக்டோபரில். விடுதலை 1960 ஜூனில். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அரசியல் செய்யவே பல காலம் அனுமதி இல்லாததால், இருந்த அமைப்புகள் பெரும்பாலும் இனக்குழுவின் பண்பாட்டுச் சங்கங்களாகத் தொடங்கியவை. பிறகு கட்சிகள் இனவாரியாக அமைந்துவிட்டன என்று குறை சொல்கிறார்கள். வேறு எந்த வழியையும் திறந்துவைக்காதவர்கள் அதைச் சொல்லக் கூடாது.

ஆறு மாதத்தில் முடிந்த விடுதலை

1960 ஜூன் 30. பெல்ஜிய மன்னர் போடுவன் விழாவில் லியோபோல்டின் மேதைமையைப் புகழ்ந்து பேசினார். நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாத பிரதமர் பத்ரீஸ் லுமும்பா எழுந்து, அவமதிப்பையும் அடியையும் காலை, மதியம், மாலை என்று தாங்கியதையும், சிறையையும் சுட்டுக்கொன்றதையும் மன்னரின் முகத்துக்கு நேரே சொன்னார். ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு அது நாகரிகமற்ற பேச்சு. கேட்டுக்கொண்டிருந்த காங்கோ ஜனங்களுக்கு அது தங்கள் வீட்டுக் கதை.

அடுத்த வாரமே படை கலகம் செய்தது. ஏன்? நாடு விடுதலை ஆகியும் தளபதி அதே பெல்ஜியர், அதிகாரிகள் அதே பெல்ஜியர்கள், சிப்பாய் அதே சிப்பாய். முறையிட்டவர்களுக்குத் தளபதி யான்சென்ஸ் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பதில் பெயர்போனது: விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின். படை கொதித்தெழுந்து ஐரோப்பியர்களைத் தாக்கியது. பெண்கள் மீது வன்கொடுமைகள் நடந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பெல்ஜியர்கள் ஓடினார்கள். அவர்களோடு மருத்துவம், தபால், கணக்கு, ரயில் என்று எல்லாவற்றையும் நடத்தத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள்.

ஜூலை 10ஆம் தேதி, தங்கள் குடிமக்களைக் காப்பாற்ற என்று சொல்லி, காங்கோ அரசின் சம்மதம் இல்லாமல் பெல்ஜியப் படை இறங்கியது. மறுநாளே கட்டங்கா மாகாணம் தனிநாடு என்று மொய்ஸ் ஷோம்பே அறிவித்தார். இந்த இரண்டும் அடுத்தடுத்த நாள் நடந்தது தற்செயல் என்று நம்புவது கடினம். கட்டங்காவில் பெல்ஜிய அதிகாரிகள் ஷோம்பேவுக்குப் படை திரட்டிக் கொடுத்தார்கள். யூனியன் மினியேர் கம்பெனி மத்திய அரசுக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டங்காவுக்குக் கட்டியது. பிறந்த இரண்டே வாரத்தில் ஒரு நாடு தன் வருவாயில் பெரும்பகுதியை இழந்தது. ஆகஸ்டில் வைரம் கிடைக்கும் தெற்குக் கசாயும் பிரிந்தது.

லுமும்பா ஐ.நா.வை அழைத்தார். அமைதிப்படை வந்தது, ஆனால் கட்டங்காவின் பிரிவினையை முடித்துவைக்க அப்போது அது மறுத்தது. அமெரிக்காவிடமும் கேட்டுப் பயனில்லாமல், கடைசியில் சோவியத்திடம் விமானமும் லாரியும் கேட்டு வாங்கினார். அதோடு அவர் கதை முடிந்தது என்று சொல்லலாம். ஆகஸ்ட் 26ஆம் தேதி சிஐஏ தலைவர் ஆலன் டல்லஸ், லுமும்பாவை அகற்றுவது அவசர, முதன்மையான குறிக்கோள் என்று காங்கோவிலிருந்த தன் அதிகாரிக்குத் தந்தி அனுப்பினார். செப்டம்பரில் அவரைக் கொல்ல விஷம் கொண்டுவரப்பட்டது. இது வதந்தி இல்லை. 1975இல் அமெரிக்க செனட் குழுவே விசாரித்து வெளியிட்டது. அந்த விஷத்துக்கு வேலை வரவில்லை. செப்டம்பர் 5ஆம் தேதி அதிபர் காசவுபு லுமும்பாவைப் பதவிநீக்கம் செய்தார்; 14ஆம் தேதி ராணுவத் தலைவர் மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார். தப்பி ஓடிய லுமும்பா டிசம்பர் தொடக்கத்தில் பிடிபட்டார். 1961 ஜனவரி 17 அன்று அவரையும் ம்போலோ, ஓக்கிட்டோ என்ற இரண்டு தோழர்களையும் விமானத்தில் கட்டங்காவுக்குக் கொண்டுபோய், பரம எதிரிகளிடம் ஒப்படைத்து, அன்றிரவே சுட்டுக் கொன்றார்கள். பெல்ஜிய அதிகாரிகள் அங்கே உடனிருந்தார்கள். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து அமிலத்தில் கரைத்தவர் ஒரு பெல்ஜியப் போலீஸ் அதிகாரி. அவர் எடுத்து வைத்துக்கொண்ட தங்கம் பூசிய ஒரு பல்லை 2022 ஜூன் 20 அன்றுதான் பெல்ஜியம் குடும்பத்தாரிடம் கொடுத்தது. கொல்லப்படும்போது லுமும்பாவுக்கு 35 வயது. பிரதமராக இருந்தது மூன்று மாதம்கூட இல்லை.

லுமும்பா உயிரோடு இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவசரக்காரர், அனுபவமில்லாதவர், தெற்குக் கசாய்க்கு அவர் அனுப்பிய படை அங்கே பெரிய கொலைகளைச் செய்தது. ஆனால் தேர்தலில் ஜெயித்து, நாடு முழுக்க ஒன்று என்று பேசிய ஒரே பெரிய தலைவர் அவர்தான். அவரை நீக்கியதும் காங்கோ ஜனங்கள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? ஓட்டுக்கு மதிப்பில்லை, துப்பாக்கியும் வெளிநாட்டு ஆதரவும் இருந்தால் போதும். அதற்குப் பின் வந்த ஒவ்வொருவரும் அந்தப் பாடப்படியே நடந்தார்கள்.

கட்டங்கா 1963 ஜனவரியில் மறுபடி காங்கோவோடு சேர்ந்தது. அதற்காக ஐ.நா. கொடியின் கீழ் சண்டையிட்டவர்களில் நேரு அனுப்பிய இந்தியப் படையும் உண்டு. 1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில், இன்றைய லுபும்பாஷியில், காப்டன் குர்பச்சன் சிங் சலாரியா உயிரிழந்து பரம் வீர் சக்ரா பெற்றார். ஐ.நா. பணியில் அந்த விருது பெற்ற ஒரே இந்தியர் அவர்.

பட்டாளத்தின் பிள்ளை

மொபுட்டு யார்? ஃபோர்ஸ் பப்ளிக்கில் எழுத்தராகவும் கணக்கராகவும் வேலை பார்த்து, சார்ஜென்ட் நிலைவரை உயர்ந்தவர். காங்கோக்காரர் ஒருவர் அதற்கு மேலே போக அந்தப் படை விட்டதில்லை. 1964இல் லுமும்பாவின் ஆதரவாளர்கள் கிழக்கே பாதி நாட்டைப் பிடித்தபோது, அமெரிக்க விமானங்களில் வந்து குதித்த பெல்ஜியப் பராசூட் வீரர்களும் கூலிப்படைகளும் அதை முறியடித்தார்கள். 1965இல் சே குவேரா வந்து பார்த்துவிட்டு மனம் வெறுத்துத் திரும்பினார். அதே வருடம் நவம்பரில் மொபுட்டு முழுதாக ஆட்சியைப் பிடித்து 32 வருடம் உட்கார்ந்தார்.

கென்னடி, நிக்சன், ரீகன், மூத்த புஷ் என்று அத்தனை அமெரிக்க அதிபர்களும் அவரை வெள்ளை மாளிகையில் வரவேற்றார்கள். கம்யூனிஸ்ட் எதிர்ப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. 1977, 78இல் ஷாபா என்று பெயர் மாறியிருந்த கட்டங்காவில் கலகம் வந்தபோது, முதல் முறை பிரெஞ்சு விமானங்களில் மொராக்கோப் படை வந்தது. இரண்டாம் முறை பிரெஞ்சுப் படையே வந்து காப்பாற்றியது. பூர்வீக ஊரான பாடோலிட்டேயில் அரண்மனையும் கான்கார்டு விமானம் இறங்கும் ஓடுபாதையும் கட்டினார். நாட்டின் கடன் 1,200 கோடி டாலரைத் தாண்டியது. சிப்பாய்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை; அவர்கள் ஊரைப் பிடுங்கிப் பிழைத்தார்கள். 1991இலும் 1993இலும் அதே சிப்பாய்கள் தலைநகரைச் சூறையாடினார்கள். லியோபோல்ட் திரட்டிய படையின் குணம் பெயர் மாறியும் மாறவில்லை: அது ஜனத்திடம் இருந்து எடுக்கும், ஜனத்தைக் காக்காது. பனிப்போர் முடிந்ததும் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. உள்ளே தாங்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லாத அந்த அரசு அடுத்த தள்ளில் விழுந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

அந்தத் தள்ளு ருவாண்டாவிலிருந்து வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ருவாண்டாவும் பெல்ஜியத்திடம் வந்தது. ஹுட்டு, டுட்சி என்ற பிரிவு அங்கே முன்பே உண்டு. ஆனால் மாடும் செல்வாக்கும் சேர்ந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வழி இருந்தது. 1933-34இல் பெல்ஜியர்கள் கணக்கெடுத்து, ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் இனத்தை எழுதினார்கள். அதற்குப் பின் மாற வழியில்லை. டுட்சிகளைப் பிறவி ஆளும் இனம் என்று சொல்லி அதிகாரத்தில் வைத்தவர்கள், 1950களின் கடைசியில் அவர்கள் விடுதலை கேட்டதும் ஹுட்டுகள் பக்கம் சாய்ந்தார்கள். 1959 முதல் டுட்சிகள் அகதிகளாக ஓடினார்கள். 1994இல் சாலைத் தடுப்புகளில் கொலைகாரர்கள் யாரை வெட்டுவது என்று பார்த்தது அந்த அட்டையைத்தான். நூறு நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர்.

இதற்கும் காங்கோவுக்கும் இன்னொரு முடிச்சு. 1937 முதல் பெல்ஜிய நிர்வாகம் ருவாண்டாக்காரர்களைப் பல்லாயிரக்கணக்கில் எல்லை தாண்டிக் கூட்டிவந்து, காங்கோவின் மசிசி மலைப்பகுதியில் குடியேற்றியது. வெள்ளைக்காரர் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ஏற்கெனவே அந்த நிலத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. விடுதலைக்குப் பின் இவர்கள் குடிமக்களா, இல்லையா? மொபுட்டு 1972இல் குடியுரிமை கொடுத்தார், 1981இல் பறித்தார். நிலமும் ஓட்டும் இதில் அடங்கியிருந்ததால் 1993இல் மசிசியில் வெட்டுக்குத்து தொடங்கிவிட்டது, ருவாண்டாவின் இனப்படுகொலைக்கு முந்தைய வருடமே.

1994 ஜூலையில் இனப்படுகொலை செய்த அரசு தோற்று, சில நாள்களில் லட்சக்கணக்கான ஹுட்டுகள் கோமாவுக்குள் வந்தார்கள். காலராவில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அப்பாவிகளோடு கொலைகாரர்களும் ஆயுதத்தோடு வந்திருந்தார்கள். உலக நாடுகள் முகாம்களுக்குச் சோறு போட்டன. கொலைகாரர்களைப் பிரித்தெடுக்க எந்த நாடும் படை அனுப்பவில்லை. முகாம்களை அவர்களே ஆண்டார்கள், அங்கிருந்தே ருவாண்டாவைத் தாக்கினார்கள். 1996இல் ருவாண்டா படையெடுத்தது. முன்னால் நிறுத்த லோரான் கபிலா என்ற பழைய லுமும்பா ஆதரவாளர் கிடைத்தார். 1997 மே மாதம் மொபுட்டு ஓடினார். கபிலா தன்னைப் பதவியில் வைத்தவர்களையே வெளியேறச் சொன்னபோது, 1998 ஆகஸ்டில் இரண்டாம் போர். ருவாண்டாவும் உகாண்டாவும் ஒரு பக்கம். அங்கோலா, ஜிம்பாப்வே, நமீபியா மறுபக்கம். 2000 ஜூனில் ருவாண்டாவும் உகாண்டாவும் கூட்டாளிகளாக வந்த இடத்திலேயே, கிசங்கானி நகரத் தெருக்களில், ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இரண்டுமே அந்நிய ராணுவங்கள். செத்ததில் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள்.

2003இல் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். 1998 முதல் 2007 வரை போரால், பசியால், நோயால் 54 லட்சம் பேர் செத்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. எண் அதிகம் என்று மறுப்பவர்களும் உண்டு. ஐ.நா. நிபுணர் குழு 2002இல், பன்னாட்டு வணிக நெறிகளை மீறிக் காங்கோவில் தொழில் செய்ததாக 85 கம்பெனிகளின் பெயரை வெளியிட்டது. உகாண்டா 32.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2022இல் சொன்னது.

ருவாண்டா, உகாண்டா அரசுகளின் குற்றத்தையோ, கின்ஷாசா அரசியல்வாதிகளின் குற்றத்தையோ லியோபோல்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. ருவாண்டாவுக்கு எல்லையில் உண்மையான பயம் இருந்தது. அதற்கு மேல் அது எடுத்துக்கொண்டது கொள்ளை. ஆனால் அவர்கள் எல்லோரும் கையில் எடுத்தது பெல்ஜியர் செய்துவைத்த கருவிகளை: அட்டையில் எழுதிய இனம், தீராத குடியுரிமைச் சிக்கல், சம்பளமில்லாத பட்டாளம், கடலை நோக்கி மட்டும் ஓடும் பாதை.

இப்போதைய எம்23 விவகாரத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. மசிசியிலுள்ள ரூபயா சுரங்கம் உலகின் கோல்ட்டான் தாதுவில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் தருவதாகச் சொல்கிறார்கள். நம் கைப்பேசிக்குள் இருக்கிற டான்டலம் என்ற உலோகம் அதிலிருந்து வருவது. 2024இல் எம்23 அதைப் பிடித்து, மாதம் 8 லட்சம் டாலர் அளவுக்கு வரி வசூலித்ததாக ஐ.நா. நிபுணர்கள் சொன்னார்கள். எம்23 கையில் எடுக்கிற குறை, காங்கோ டுட்சிகளுக்குப் பாதுகாப்பும் உரிமையும் இல்லை என்பது. குறை உண்மை, அதைச் சொல்லிக்கொண்டு செய்வது வேறு. அதற்குத் துணையாக 3,000 முதல் 4,000 ருவாண்டா வீரர்கள் காங்கோவுக்குள் இருந்ததாக நிபுணர் குழு 2024இல் எழுதியது. ருவாண்டா தன் செயலைத் தற்காப்பு என்கிறது.

2025 ஜூன் 27 அன்று வாஷிங்டனில் காங்கோவும் ருவாண்டாவும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எம்23 அதில் கையெழுத்திடவில்லை. அதனுடன் தோஹாவில் தனிப் பேச்சு. வாஷிங்டன் ஒப்பந்தத்தில் படை விலகலுக்குப் பக்கத்திலேயே கனிம வணிகக் கூட்டுறவும் இருக்கிறது. லோபிட்டோ ரயில் பாதையையும் அமெரிக்க, ஐரோப்பியப் பணத்தில் புதுப்பிக்கிறார்கள். உலகின் கோபால்ட்டில் மிகப் பெரிய பங்கு காங்கோவில் இருந்துதான் வருகிறது, அதற்குச் சீனாவோடு போட்டி. சண்டை நின்றால் யாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பேச்சுகளில் பின்தள்ளப்படும் விஷயம் ஒன்று உண்டு. 1993 முதல் 2003 வரை காங்கோவில் நடந்த மிகக் கடுமையான 617 கொடுமைகளை ஊர், தேதியோடு ஐ.நா. 2010இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. அதில் ருவாண்டா, உகாண்டா, காங்கோ என்று எல்லாப் படைகளும் வருகின்றன. புக்காவுவின் பான்சி மருத்துவமனையில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, 2018இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற மருத்துவர் டெனி முக்வேகே, அந்த அறிக்கையின் மேல் ஒரு சர்வதேச நீதிமன்றம் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டு வருகிறார். நீதிமன்றம் அமைக்கப்படவில்லை. அறிக்கையில் வரும் படைகளின் தளபதிகள் சிலர் பின்னாளில் பதவி உயர்வு பெற்றார்கள்.